குவாலிஸ் 2004: காலையில் ஸ்டார்ட்டிங் மக்கர், ஏற்றத்தில் சூடு, இறக்கத்தில் கல் மாதிரி பிரேக். எங்கிருந்து ஆரம்பிப்பது?

#1 மஞ்சூர்_ரோடு

வண்டி 2004 குவாலிஸ், 2.4 டீசல், டர்போ கிடையாது. ஓட்டம் 2,38,000 கி.மீ. நிறுத்துவது குன்னூரில், வீட்டு வாசல் சரிவில், மூக்கு மேட்டைப் பார்த்து.

காலையில் நாலைந்து தடவை செல்ஃப் அடித்தால்தான் பிடிக்கிறது. பிடித்ததும் ஒரு நிமிஷம் வெள்ளைப் புகை, உதறல். இரண்டு நாள் எடுக்காமல் விட்டால் பேட்டரி படுத்துவிடும். பேட்டரி மாற்றி மூன்று மாதம்தான். பனிமூட்டத்தில் ஹெட்லைட் மஞ்சளாக எரிகிறது. கல்லாறு தாண்டி ஏறும்போது டெம்பரேச்சர் முள் முக்காலுக்குப் போகிறது. இறங்கும்போது பர்லியாறு வருவதற்குள் பிரேக் பெடல் கல்லாகிவிடுகிறது.

ஒரு பட்டறையில் டீசல் பம்பைக் கழற்ற வேண்டும் என்றார்கள். இன்னொன்றில் நாசிலும் பூஸ்டரும் மாற்றச் சொன்னார்கள். எதை முதலில் பார்ப்பது?

#2 வெலிங்டன்_வயர்மேன்

எதையும் கழட்டாதீங்க, எதையும் வாங்காதீங்க. பேட்டரி படுக்கறது, லைட் மங்கறது, பெடல் கல்லாகறது, இந்த மூணும் ஒரே இடத்தைக் காட்டுது. பூஸ்டர்ங்கிறது வேக்கத்தால (காத்தை உறிஞ்சின வெற்றிடம்) பிரேக் பெடலை லேசாக்கற டப்பா. குவாலிஸ்ல அதுக்கு வேக்கம் கொடுக்கிற பம்ப் ஆல்டர்னேட்டரோட (பேட்டரிக்குச் சார்ஜ் ஏத்தற டைனமோ) முதுகுலதான் உட்கார்ந்திருக்கு. எஞ்சின்ல இருந்து ஒரு பைப்ல ஆயில் வந்து பம்பை நனைச்சுட்டு இன்னொரு ஹோஸ் வழியா சம்ப்புக்கு, அதாவது எஞ்சின் அடியில இருக்கிற ஆயில் தொட்டிக்குத் திரும்பும். நடுவுல இருக்கிற ஆயில் சீல் தேஞ்சா ஆயில் ஆல்டர்னேட்டருக்குள்ள இறங்கி கார்பன் பிரஷ் ஊறிப்போயிரும், சார்ஜ் விழும். பம்ப் பிளேடும் தேஞ்சிருந்தா வேக்கமும் போச்சு. பூஸ்டர் மேல பழி விழறது இப்படித்தான்.

ஒரு மல்டிமீட்டர் வேணும், சாதாரணமானதே போதும். காலையில சாவி போடறதுக்கு முன்னாடி பேட்டரியில வோல்ட் பாருங்க. 12.6 இருந்தா நிறைஞ்சிருக்கு, 12.2 பாதி, 12-க்குக் கீழே காலின்னு வெச்சுக்குங்க. செல்ஃப் அடிக்கும்போது 9.6-க்குக் கீழே விழக்கூடாது.

அடுத்தது பல பேர் பார்க்காத அளவு. மீட்டரோட ஒரு முனையை பேட்டரி மைனஸ் கட்டை மேலயே வெச்சு (கிளாம்ப் மேல வெச்சா அர்த்தமில்ல), இன்னொரு முனையை எஞ்சின் பிளாக்ல பெயின்ட் இல்லாத இரும்புல குத்துங்க. இன்னொருத்தர் செல்ஃப் அடிக்கட்டும். 0.3 வோல்ட்டுக்கு மேல காட்டினா எர்த் பட்டை (பேட்டரி மைனஸை எஞ்சினோட சேர்க்கிறது) உள்ளுக்குள்ள பச்சை பூத்திருக்கு. இதே மாதிரி பிளஸ் கட்டையில இருந்து செல்ஃப் மோட்டார் போல்ட் வரைக்கும் பாருங்க, 0.5 தாண்டக்கூடாது. மலையில மூட்டமும் ஈரமும் கேபிள் லக்குக்குள்ள புகுந்துக்கும், வெளியில பளபளன்னுதான் தெரியும்.

கடைசியா எஞ்சின் 1500 ஆர்பிஎம்ல ஓடும்போது பேட்டரியில 13.8-ல இருந்து 14.5 வரணும். ஹெட்லைட், புளோயர் எல்லாம் போட்டாலும் 13.3-க்குக் கீழே போகக்கூடாது. மீட்டரை ஏசி வோல்ட்டுக்குத் திருப்பி அதே இடத்துல பாருங்க. 0.5-க்கு மேல இருந்தா ஆல்டர்னேட்டருக்குள்ள ஏசியை டிசி ஆக்கற டயோடு மேல சந்தேகம்.

எஞ்சின் ஓடும்போதே பேட்டரி டெர்மினலைக் கழட்டி டைனமோ வேலை செய்யுதான்னு பார்க்கிற பழக்கம் இன்னும் சில பேர்கிட்ட இருக்கு. யாராவது அப்படிக் கை நீட்டினா பானெட்டை மூடிருங்க. ரெகுலேட்டரையும் டயோடையும் சுட்டுத் தள்ள அதைவிடச் சுலபமான வழி இல்ல.

#3 பெருமாள்மலை_டீசல்

வயர்மேன் அண்ணன் சொன்னது சரி. ஸ்டார்ட்டிங் பிரச்சினையை மட்டும் தனியாப் பிரிச்சுப் பாருங்கண்ணே. அதுல ரெண்டு காரணம் கலந்திருக்கும்.

மூக்கு மேட்டைப் பார்த்து நிக்கிற வண்டியில டேங்க் பின்னாடி பள்ளத்துல இருக்கு. லைன்ல எங்கயாவது ஏர் புகுந்தா ராத்திரி முழுக்க டீசல் டேங்குக்கே வழுக்கிப் போயிரும். உறிஞ்சுற பக்கம் ஓட்டை இருந்தா டீசல் சொட்டாது, காத்துதான் உள்ள போகும். அதனால ஈரத்தைத் தேடிப் புண்ணியமில்ல. காசில்லாத சோதனை ஒண்ணு இருக்கு: ஒரு ராத்திரி வண்டியைத் திருப்பி, மூக்கு பள்ளத்தைப் பார்க்க நிறுத்துங்க. டயருக்குக் கல்லு போட மறக்காதீங்க. காலையில முதல் அடியிலயே பிடிச்சா ஏர்தான். இன்னொண்ணு, செல்ஃப் அடிக்கும் முன்ன டீசல் ஃபில்டர் தலையில இருக்கிற கை பம்பை அமுக்குங்க. ரெண்டு மூணு அமுக்குல இறுகிட்டா லைன் நிறைஞ்சிருக்கு. பத்து பதினைஞ்சு தடவை பொசுக் பொசுக்குன்னு போனா டீசல் இறங்கியிருக்கு.

எங்க ஒழுகுதுன்னு கண்டுபிடிக்க ஃபில்டருக்கும் பம்புக்கும் நடுவுல ஒரு அடி நீளத்துக்குத் தெளிவான டீசல் ஹோஸ் போட்டு குமிழி வருதா பாருங்க. அதுல வந்தா ஃபில்டர்ல இருந்து டேங்க் வரைக்கும் தேடணும். முதல் சந்தேகம் கை பம்போட டயஃப்ரம் (ரப்பர் சவ்வு), அடுத்தது ஃபில்டர் ஓ-ரிங், அப்புறம் ஃபில்டர் அடியில தண்ணி வடிக்கிற திருகு. நாசில் ரிட்டர்ன் லைன்ல கடைசியா ஒரு முட்டு ரப்பர் மூடி இருக்கும், அது வெடிச்சிருந்தாலும் இதே கூத்துதான். பத்து ரூபா சாமான், பம்பை இறக்க வெச்சிரும்.

ரெண்டாவது ஹீட்டர் பிளக், குளிர்ந்த எஞ்சினை ஸ்டார்ட் பண்ண சிலிண்டரைச் சூடாக்கறது. நாலு பிளக்கையும் சேர்க்கிற பட்டையைக் கழட்டிட்டு ஒவ்வொண்ணா பார்க்கணும், பட்டையோட பார்த்தா எல்லாம் நல்லதுன்னே காட்டும். மீட்டர் ரெண்டு முனையையும் ஒண்ணா முட்டி வர்ற அளவைக் கழிச்சுக்கங்க (0.2, 0.3 இருக்கும்). நல்ல பிளக் 1 ஓம் பக்கத்துலயோ அதுக்கும் குறைவாவோ காட்டும். ஒண்ணுமே காட்டலைன்னா செத்துப் போச்சு. மீட்டர் இல்லைன்னா டெஸ்ட் லேம்ப்: கிளிப்பை பேட்டரி பிளஸ்ல மாட்டி, ஊசியை பிளக் தலையில வைங்க. எரிஞ்சா நல்லது. பிளக் எல்லாம் நல்லா இருந்தா, சாவி போட்டதும் அந்தப் பட்டைக்குக் கரண்ட் வருதான்னு பாருங்க. வரலைன்னா ரிலே, இல்லைன்னா பியூசிபிள் லிங்க் (பியூஸ் மாதிரி உருகற வயர்).

புகையை மோந்து பாருங்க. கண்ணு எரிஞ்சு டீசல் வாடை அடிச்சா எரியாத டீசல், அது ஹீட்டர் பிளக், ஏர், டைமிங் கணக்கு. இனிப்பு வாடை அடிச்சு, சூடானப்புறமும் வெள்ளையா வந்துக்கிட்டே இருந்தா கூலண்ட் உள்ள போகுது.

#4 கூடலூர்_ஜீப்

இவ்வளவு ஆராய்ச்சி தேவையா? 80 ஆம்பியர் பேட்டரி போடுங்க, பனி மாசத்துல ஏர் கிளீனர்ல கொஞ்சம் ஸ்டார்ட்டிங் ஸ்ப்ரே அடிங்க. முடிஞ்சது.

#5 பெருமாள்மலை_டீசல்

ஜீப் அண்ணே, ஹீட்டர் பிளக் இருக்கிற எஞ்சின்ல ஸ்ப்ரே அடிக்கச் சொல்லாதீங்க. சிவந்து நிக்கிற பிளக் மேல ஈதர் பட்டா பிஸ்டன் மேல வர்றதுக்கு முன்னாடியே வெடிக்கும். ரிங் உடையும், பிஸ்டன் நடுவுலயே உடைஞ்ச கதையும் உண்டு. பேட்டரியும் அப்படித்தான். சார்ஜ் ஏறாத வண்டியில பெரிய பேட்டரி போட்டா ரெண்டு நாளுக்குப் பதிலா மூணு நாள்ல படுக்கும், அவ்வளவுதான்.

#6 மஞ்சூர்_ரோடு

அளவுகள் எடுத்தாயிற்று.

காலையில் பேட்டரி 12.1. செல்ஃப் அடிக்கும்போது 9.8. எர்த் பக்கம் 0.6, பிளஸ் பக்கம் 0.3. ஓடும்போது 13.2, எல்லா லைட்டும் போட்டால் 12.4. ஏசி அளவில் 0.9. ஆல்டர்னேட்டர் பின்பக்கம் ஆயில் பிசுக்கு, கீழே சேஸ் மேலும் சொட்டியிருக்கிறது.

ஹீட்டர் பிளக்கில் 2-ம் 4-ம் செத்திருக்கின்றன. கை பம்ப் 12 அமுக்கு அமுக்கிய பிறகுதான் இறுகியது. மூக்கைத் திருப்பி நிறுத்திய காலையில் இரண்டாவது அடியில் பிடித்தது, ஆனால் உதறலும் புகையும் அப்படியே.

#7 வெலிங்டன்_வயர்மேன்

எர்த் 0.6 அதிகம். பேட்டரி மைனஸ்ல இருந்து பிளாக்குக்குப் போற பட்டையைப் புதுசா போடுங்க. பாடிக்குப் போற சின்ன எர்த்தையும் கழட்டி, அடியில இருக்கிற பெயின்ட்டைச் சுரண்டி, கிரீஸ் தடவி முடுக்குங்க. ஹெட்லைட் போட்டதும் டெம்பரேச்சர் முள் ஒரு கோடு ஏறுதான்னும் பாருங்க. எஞ்சின் அதுக்குள்ள சூடாக முடியாது, ஏறினா அதுவும் எர்த் கோளாறுதான்.

ஏசி 0.9-ன்னா டயோடு போயிருக்கு. டயோடு கசிஞ்சா வண்டி நிக்கும்போதே பேட்டரியைக் குடிக்கும். அதை உறுதி பண்ண: சாவியை எடுத்து, கதவு மூடி, மைனஸ் கேபிளைக் கழட்டி, கேபிளுக்கும் கட்டைக்கும் நடுவுல மீட்டரை 10 ஆம்பியர் சாக்கெட்ல மாட்டுங்க. அரைமணி விட்டுப் பாருங்க. 50 மில்லி ஆம்பியருக்குள்ள இருக்கணும். மீட்டர் மாட்டியிருக்கும்போது சாவியைத் திருப்பிடாதீங்க, மீட்டர் பியூஸ் போயிரும். அதிகமா இருந்தா ஒவ்வொரு பியூஸா உருவுங்க. எதுலயும் குறையலைன்னா மீட்டரைக் கழட்டிட்டு, ஆல்டர்னேட்டர் முதுகுல இருக்கிற தடி வயரை எடுத்து, முனையில டேப் சுத்தி, மறுபடி அளங்க. அப்போ விழுந்தா வேற எங்கேயும் தேட வேண்டாம்.

ஆல்டர்னேட்டரை இறக்கும்போது வேக்கம் பம்பையும் சேர்த்தே செய்யச் சொல்லுங்க. ஆயில் சீல், ஓ-ரிங், பிளேடு செட், பிரஷ், டயோடு பிளேட், ரெண்டு பேரிங். பிரஷ் தேஞ்சு 5 மி.மீ. நீளம்தான் மிச்சம் இருந்தா அதோட ஆயுள் முடிஞ்சுது. ஆயில்ல ஊறின பிரஷைப் பெட்ரோல்ல கழுவி மறுபடி போடறேன்னு சொன்னா ஒத்துக்காதீங்க. பூஸ்டர் ஹோஸைக் கழட்டி விரலை விட்டுப் பாருங்க. விரல்ல ஆயில் ஒட்டினா செக் வால்வும் (ஒரே பக்கம் மட்டும் விடற வால்வு) போயிருக்கு, ஆயில் பூஸ்டர் டயஃப்ரமை ஊற வெச்சிருக்கும்.

#8 காட்ரோடு_கணக்கு

பிரேக் பற்றி மட்டும். பெடல் கல்லாவதும் பெடல் பொதபொதவென்று தரைக்குப் போவதும் நேர்எதிரான கோளாறுகள். கல்லானால் வேக்கம் இல்லை. தரைக்குப் போனால் பிரேக் ஆயில் கொதித்திருக்கிறது, அல்லது காற்று புகுந்திருக்கிறது, அல்லது மாஸ்டர் சிலிண்டர் கப் தேய்ந்திருக்கிறது. இரண்டையும் ‘பிரேக் பிடிக்கல’ என்று ஒரே வார்த்தையில் சொன்னால் மெக்கானிக் தவறான இடத்தில்தான் கை வைப்பார்.

பூஸ்டர் சோதனை: எஞ்சினை நிறுத்திவிட்டு ஐந்து தடவை பெடலை அமுக்கி வேக்கத்தைத் தீர்த்துவிடுங்கள். காலை அமுக்கியபடியே ஸ்டார்ட் செய்யுங்கள். பெடல் அரை அங்குலமாவது தானாகக் கீழே இறங்க வேண்டும். பிறகு பெடலை அமுக்கியபடியே எஞ்சினை நிறுத்தி முப்பது நொடி பாருங்கள். பெடல் காலைத் தள்ளிக்கொண்டு மேலே வந்தால் பூஸ்டரோ செக் வால்வோ கசிகிறது.

வேக்கம் கேஜ் வைத்துப் பார்ப்பவர்கள் உயரத்தைக் கணக்கில் எடுக்க வேண்டும். ஊட்டி சுமார் 2,240 மீட்டர். அங்கே காற்றழுத்தமே கடல்மட்டத்தில் இருப்பதில் நாலில் மூன்று பங்குதான். மேட்டுப்பாளையத்தில் 26, 27 பாதரச அங்குலம் காட்டும் நல்ல பம்ப் ஊட்டியில் 21-ஐத் தாண்டாது. அதைப் பார்த்துப் பம்பைக் குற்றம் சொல்லக்கூடாது. ஆனால் பூஸ்டரின் உதவியும் அதே விகிதத்தில் குறையும் என்பதால், கீழே சமாளிக்கக்கூடிய தேய்ந்த பம்ப் மேலே கைவிட்டுவிடும்.

நியூட்ரலில் இறக்குபவர்கள் கவனிக்க: பம்பைச் சுற்றுவது எஞ்சின் பெல்ட்தான். ஐடிலில் பம்ப் மெதுவாகச் சுற்றும், நீங்களோ வளைவுக்கு வளைவு பெடலை அமுக்கி வேக்கத்தைச் செலவழிக்கிறீர்கள். செகண்ட் கியரில் இறங்கினால் எஞ்சினும் வண்டியைப் பிடிக்கிறது, பம்பும் வேகமாகச் சுற்றுகிறது. கல்லட்டி இறக்கத்தின் 36 கொண்டை ஊசியில் இந்த வித்தியாசம் பெடலிலேயே தெரியும்.

பிரேக் ஆயில் ஈரத்தை உறிஞ்சும். டாட் 3 என்ற தரத்து ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி வரை கொதிக்காமல் தாங்கும். ஈரம் ஏறினால் அந்த வரம்பு 140. டாட் 4-க்கு 230, 155. மூட்டத்தில் ஓடும் வண்டிக்கு இரண்டு வருஷத்துக்கு மேல் அதே ஆயில் வேண்டாம். பின் டிரம்மையும் ஒரு தடவை திறந்து லைனர் இடைவெளியைச் சரிபார்த்துவிடுங்கள்.

#9 வத்தலக்குண்டு_பைபாஸ்

சூடு விஷயத்தை யாரும் தொடவில்லையே. கொடைக்கானல் ரோட்டில் எனக்கும் அதே. என் வண்டி 2010 காமன் ரெயில் (கம்ப்யூட்டர் கட்டுப்பாட்டில் டீசல் பாய்ச்சும் எஞ்சின்). அதற்கும் இதே வைத்தியம்தானா? ஏற்றத்தில் பவர் செத்து செக் எஞ்சின் லைட் வேறு வருகிறது.

#10 பெருமாள்மலை_டீசல்

சூடு ரெண்டு பேருக்கும் ஒண்ணுதான்ணே. முதல்ல ரேடியேட்டர் மூடி. குன்னூர் உயரத்துல திறந்த பாத்திரத்துல தண்ணி 94 டிகிரியிலயே கொதிக்கும், ஊட்டியில 92, 93. ரேடியேட்டருக்குத் தண்ணியைத் திறந்துவிடற தெர்மோஸ்டாட் திறக்க ஆரம்பிக்கிறதே 82-ல. அப்ப நடுவுல எவ்வளவு இடம் இருக்குன்னு பாருங்க. மூடி 0.9 கிலோ அழுத்தம் பிடிச்சு வெச்சாத்தான் கொதிநிலை 110-ஐத் தாண்டும். மூடியோட ரப்பர் வெடிச்சிருந்தா சமவெளியில தப்பிச்சிரும், மேல ஏறினா கொதிச்சு ரிசர்வ் டப்பாவுக்குத் தள்ளிரும். எஞ்சின் ஆறினதும் டப்பாவுல இருந்து கூலண்ட் திரும்ப உள்ள போகுதான்னு பாருங்க. போகலைன்னா மூடியை மாத்துங்க. பழைய மூடி மேல அடிச்சிருக்கிற நம்பர்தான் வேணும், 'பலமா இருக்கட்டும்'னு பெரிய நம்பர் போட்டா பழைய ரேடியேட்டர் பிளந்துக்கும்.

அடுத்து ஃபேன் கிளட்ச், ரேடியேட்டர் ஃபேனை எஞ்சினோட சேர்த்துச் சுத்த வைக்கிறது. எஞ்சின் ஆறி, நின்னுட்டு இருக்கும்போது ஃபேனைக் கையால சுண்டுங்க. இறுக்கமா அரை சுத்து, ஒரு சுத்துல நிக்கணும். காத்தாடி மாதிரி நாலு சுத்து சுத்தினா உள்ள சிலிகான் ஆயில் போச்சு. நடுவுல பிசுக்கும் தூசியும் ஒட்டியிருக்கும். அப்புறம் ஏசி கண்டென்சருக்கும் ரேடியேட்டருக்கும் நடுவுல டார்ச் அடிச்சுப் பாருங்க. பூச்சி, சில்வர் ஓக் இலை, மண்ணு அடைச்சிருக்கும். உள்பக்கத்துல இருந்து வெளிய தண்ணி அடிக்கணும், பிரஷர் வாஷர் பக்கத்துல வெச்சா ஃபின் மடங்கிரும்.

இதெல்லாம் சரியா இருந்தும் சூடு ஏறினா சிலிண்டர் ஹெட்டைப் பாருங்க. ஆறின எஞ்சினை ஸ்டார்ட் பண்ணி ஒரு நிமிஷத்துலயே மேல் ஹோஸ் கல்லு மாதிரி இறுகினா, இல்லை மூடி திறந்து வெச்சப்ப குமிழி விடாம வந்துக்கிட்டே இருந்தா, கேஸ் தண்ணிக்குள்ள வருது. கேஸ்கெட்டா, ஹெட் கிராக்கான்னு கழட்டி பிரஷர் டெஸ்ட் போட்டாத்தான் தெரியும்.

கம்ப்ரஷன் பார்த்தாலும் உயரத்தைக் கழிச்சுப் பாருங்க. இந்த எஞ்சினுக்குச் சமவெளியில 32 கிலோ பக்கம், குறைஞ்சது 20, சிலிண்டருக்குச் சிலிண்டர் வித்தியாசம் 5-க்குள்ள. நல்ல எஞ்சினே ஊட்டியில 24, 25 தான் காட்டும். வித்தியாசத்தைத்தான் நம்பணும். டர்போ இல்லாத வண்டி ஏற்றத்துல கொஞ்சம் கறுப்புப் புகை விட்டாலும் உடனே நாசிலைக் கழட்டாதீங்க. காத்து அஞ்சுல ஒரு பங்கு குறைஞ்சிருக்கு, பம்ப் அதே டீசலைத்தான் தள்ளுது. முதல்ல ஏர் ஃபில்டரை மாத்துங்க.

பைபாஸ் அண்ணே, உங்க வண்டிக்கு ஸ்கேனர் இல்லாம பேச முடியாது. ஸ்கேனர் காட்டற கோளாறு எண்ணை அழிக்காம எழுதி வைங்க. டீசல் ஃபில்டரை மாத்திட்டு, ஏற்றத்துல முழு ஆக்சிலேட்டர்ல ரெயில் பிரஷர் (நாசிலுக்குப் போற டீசலோட அழுத்தம்) கம்ப்யூட்டர் கேட்ட அளவும் வந்த அளவும் ஒத்துப்போகுதான்னு ஓட்டிக்கிட்டே பார்க்கச் சொல்லுங்க. அது ஒத்துப்போய் பூஸ்ட் (டர்போ தள்ளற காத்தோட அழுத்தம்) மட்டும் குறைஞ்சா இன்டர்கூலர் (அந்தக் காத்தை ஆற வைக்கிறது) ஹோஸ்ல அடிப்பக்கம் கீறல் தேடுங்க. அந்த இடத்துல கறுப்பு ஆயில் பூசியிருக்கும்.

#11 மஞ்சூர்_ரோடு

கசிவு 640 மில்லி ஆம்பியர். பியூஸ் எதை உருவியும் அசையவில்லை. ஆல்டர்னேட்டர் வயரை எடுத்ததும் 25-க்கு விழுந்தது. ரேடியேட்டர் மூடி ரப்பரில் விரிசல். ஃபேன் கிளட்ச் சரி. ஹெட்லைட் போட்டால் முள் லேசாக ஏறுகிறது.

#12 வெலிங்டன்_வயர்மேன்

அப்புறம் என்னங்க. 0.64-ஐ 48 மணி நேரத்தால பெருக்குங்க, 30 ஆம்பியர் மணி சொச்சம். பாதி சார்ஜ்ல நிக்கிற பேட்டரி எப்படித் தாங்கும்? ஆல்டர்னேட்டர் ஓவர்ஹால், எர்த் பட்டை, மூடி, இந்த வரிசையில போங்க. பேட்டரியை வெளியில வெச்சு ஒரு ராத்திரி மெதுவா சார்ஜ் ஏத்திருங்க, புது டயோடு மேல அந்தச் சுமையைப் போடாதீங்க.

ஹெட்லைட் மங்கல்ல பாதி இதுலயே போயிரும். மீதிக்கு, பல்பு சாக்கெட்ல வர்ற வோல்ட்டை பேட்டரியோட ஒப்பிடுங்க. 1.5 வோல்ட் குறைஞ்சா வெளிச்சம் மூணுல ஒரு பங்கு போச்சு. அப்போ 30 ஆம்பியர் ரிலே ரெண்டு, 2.5 சதுர மி.மீ. வயர், பேட்டரி பக்கத்துல பியூஸ். ஆனா பழைய டொயோட்டாக்கள் பலதுல சுவிட்ச் மைனஸ் பக்கத்துல இருக்கும். டெஸ்ட் லேம்ப் வெச்சுப் பார்த்துட்டு ரிலே கிட் வாங்குங்க. வயரை இழுக்கும்போது பேட்டரி டிரேக்கு அடியில எலி கடிச்சிருக்கான்னும் பாருங்க. குளிருக்குச் சூடான எஞ்சின் மேலதான் வந்து படுக்கும்.

#13 பெருமாள்மலை_டீசல்

ஹீட்டர் பிளக் நாலையும் சேர்த்தே மாத்துங்கண்ணே. டப்பாவுல போட்டிருக்கிற வோல்ட் பழையதோட ஒத்துப்போகணும். எஞ்சின் சூடா இருக்கும்போது கழட்டுங்க, முந்தின நாளே ரஸ்ட் ஆயில் விட்டு வைங்க. இறுகினா ஆட்டி ஆட்டி எடுங்க; உள்ள உடைஞ்சா ஹெட்டை இறக்கற வேலை. மாட்டும்போது 13 நியூட்டன் மீட்டர் போதும், சின்ன ராட்செட்டை ரெண்டு விரல்ல பிடிச்சு முடுக்கற அளவு. கை பம்ப் கிட்டும் ஃபில்டரும் அதே நாள்ல.

டைமிங் பெல்ட் எப்ப மாத்தினதுன்னு கேக்கவே இல்லை. 1 லட்சம் கி.மீ.க்கு ஒரு தடவை. தேதி தெரியலைன்னா இப்பவே மாத்துங்க, இந்த எஞ்சின்ல பெல்ட் அறுந்தா வால்வு பிஸ்டன்ல இடிக்கும்.

#14 மஞ்சூர்_ரோடு

பெல்ட் 1,62,000-ல் மாற்றிய ரசீது இருக்கிறது. ஒரே ஒரு கேள்வி: வேக்கம் பம்பில் இருந்து சம்ப்புக்கு இறங்கும் ரிட்டர்ன் ஹோஸ் உப்பி மெத்தென்று இருக்கிறது. கடையில் ரேடியேட்டர் ஹோஸில் ஒரு துண்டு வெட்டித் தருகிறேன் என்கிறார்கள். போடலாமா?

#15 வெலிங்டன்_வயர்மேன்

வேண்டாம். தண்ணி ஹோஸ் சூடான ஆயில்ல ஊறி ஆறு மாசத்துல உள்பக்கமா உரிஞ்சு வழியை அடைச்சிரும். ஆயில் திரும்ப வழியில்லாம சீலைத் தள்ளிட்டு மறுபடி ஆல்டர்னேட்டருக்குள்ளதான் இறங்கும். ஆயில் ஹோஸ்னு கேட்டு வாங்குங்க. பழைய துண்டைக் கையோட எடுத்துட்டுப் போய், உப்பாத முனையில உள் அளவு வெச்சுப் பாருங்க. மாட்டும்போது எங்கேயும் மடங்காம, ஏறி இறங்காம ஒரே சரிவா சம்ப்புக்குப் போகணும்.